விலகலாம் என்று எழுதியவளுக்கு

இன்று காலை கீழே நிலவறைக் கெல்லரில் பந்துப் பையைத் திறந்தேன். நல்லெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. பந்து பிடிக்க, பழம்பொருள் கடையில் நீ வாங்கிய தோல் கையுறை. தோல் இளகட்டும் என்று தோசைக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்துத் தேய்த்தாய். நீ இறந்து எட்டு மாதம். மணம் இன்னும் போகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

ஷ்லீரன் ஊர் முதியோர் இல்லத்தில் நாம் இருவரும் படுக்கை விரிப்பு மடித்த காலம். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் விளையாட்டு விழாவில், ஆண்களின் உதைபந்தாட்ட அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே, பெண்களின் பேஸ்போலுக்கு அரை மணி நேரம் தருவார்கள். அதையும் பாதியில் நிறுத்துவார்கள். அட்லிஸ்வில் ஊர்ப் பெண்களோடு தனியாக ஆடலாமா என்று கேட்டதற்குப் படிவத்தைக் காட்டினார்கள்: சங்கத்தில் பதிந்தவர் அனுமதியின்றி வெளியே ஆடக்கூடாது.

மறுநாள் தேநீர் இடைவேளையில் கைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாய். "எடி, இஞ்சை பார். எங்கட சங்கத்துக்காரர் அந்தக் காலத்து அமெரிக்காவிலயும் இருந்திருக்கினம்!"

அங்கே காசுக்குப் பேஸ்போல் ஆடும் லீக்குகள் தொடங்கிய காலத்தில், கழக முதலாளிகள் கூடிப் பேசி, ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் தங்களுக்கே சொந்தம் என்று எழுதிக்கொண்டார்களாம். பொறுத்துப் பார்த்த ஆட்டக்காரர்கள் வெளியேறித் தாங்களே ஒரு லீக் தொடங்கினார்களாம்.

"பிறகு?" என்றேன்.

"ஒரு வருஷத்தில மூடிப்போட்டினம்."

"அப்ப தோத்திட்டினம்."

"ஓம், தோத்தவைதான். ஆனா வாயைப் பொத்திக்கொண்டு இருக்கேல்லையே."

அந்த வாரமே சங்கத்தை விட்டு வெளியே வந்தோம். மூன்று குழுக்கள், ஆற்றோரப் புல்வெளியில் ஒரு மூலை. எங்கள் லீக்குக்கும் ஒரு படிவம் எழுதினாய். கடைசி வரி: "விரும்பினால் எப்போதும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை."

"இப்பிடி எழுதினா எல்லாரும் ஓடிப்போயிடுவினமடி" என்று பயந்தேன்.

"ஓடுறவை ஓடட்டும். நிக்கிறவை விருப்பத்தோட நிக்கட்டும்."

நான்கு கோடை போயிற்று. ஒருத்திகூட விலகவில்லை.

இப்போது அந்தப் புல்வெளியில் வீடு கட்டப் போகிறார்கள். வரும் கோடைக்கு எங்களுக்கு இடம் இல்லை. அது தெரிந்துதான் போன ஞாயிறு சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, எங்களோட சேருங்கோ. மைதானம் முழுநாளும் தாறம். அவவின்ரை பேரில கோப்பையும் வைப்பம். இதில ஒரு ஒப்பம் மட்டும் வையுங்கோ."

சங்கத்தின் அதே படிவம், வெளியே ஆடக்கூடாது என்ற அதே வரி. உன் பெயரைத் தூண்டிலில் கோத்துக்கொண்டு வந்திருக்கிறார்! ஆனாலும் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"கோப்பையை நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. இந்தப் படிவத்துக்குள்ள அவ வரமாட்டா. நாங்களும் வரமாட்டம்."

"மைதானம் இல்லாம எத்தினை நாளைக்கு ஆடுவியள்?"

"ஒரு வருஷம் ஆடினாலும் எங்களுக்குக் காணும்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

சனிக்கிழமை இந்தப் புல்வெளியில் கடைசி ஆட்டம். அடுத்தது எங்கே என்று தெரியாது. தேடுவோம், கிடைக்கும்வரை தெருவிலாவது ஆடுவோம். கையுறையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஆட்டக்காரர் பட்டியலை எழுதினேன். முதல் பேஸைக் காத்து நிற்பவர் என்ற இடத்தில் வழக்கம்போல் உன் பெயர்.

விரும்பியவர் விலகலாம் என்பதுதான் நீ எழுதிய விதி. நீ விரும்பிப் போகவில்லை. அதனால் உன்னை மட்டும் நான் விடுவதாக இல்லை.