வெள்ளை இரவுக்கு என்ன உடுத்துவது

9.2.2001
கப்பல் பயணத்தைப் பற்றி யோசிக்க வேண்டியவை:
1. இரவு விருந்துகளுக்கு என்ன உடுத்துவது.
2. வேட்டியை உள்ளே விடுவார்களா.
3. ஏன் இந்தத் திடீர்ப் பயணம்? வேலூர் டாக்டர் என் நெஞ்சைப் பற்றி சிந்துஜாவிடம் எதையோ சொல்லியிருக்கிறார்.
4. என் மனைவி பாஞ்சாலைக்கு வெள்ளைப் புடவையா?

நேற்று சிங்கப்பூரிலிருந்து மகள் சிந்துஜா ஃபோன் செய்தாள். டிக்கெட் எடுத்துவிட்டாளாம். பிறகு மருமகன் வளவன் பேசினார். "மொத நாள் கோட்டு, டை, மாமா. மூணாம் நாள் ஒயிட் நைட். எல்லாரும் வெள்ளையில வரணும். ரப்பர் செருப்பு மட்டும் வேணாம். நல்ல வேட்டின்னா உள்ள விடுவாங்க."

"விடுவாங்க" என்பதற்கு முன் சற்றுத் தயங்கினாரே?

எல்லாரும் வெள்ளையென்றால், நான் உயிரோடிருக்கையில் பாஞ்சாலையுமா? யாருக்கு இது ஒத்திகை?

13.2.2001
போன மாதம் வேலூரில் டாக்டர் என் நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததை அவ்வளவு சிரித்துச் சொல்வானேன்? துணைக்கு வந்த பாஞ்சாலையும் தன் வயிற்று வலியைக் காட்டிக்கொண்டாள். அவளிடம் சிரிக்காமல்தான் பேசினார்.

20.2.2001
தையல்காரர் கண்ணாயிரம் கோட்டுக்கு அளவெடுத்தார். "கல்யாணத்துக்கே கோட்டு போட்டிருக்க மாட்டீங்க. இப்ப எங்க சார், பொண்ணு பாக்கவா?"

போன தடவையைவிட இடுப்பு கம்மியாம். கம்மியா!

26.2.2001
பாஞ்சாலை கடைத்தெருவிலிருந்து வெள்ளைப் புடவையோடு வந்தாள். மெல்லிய சரிகைக் கரை.

"வேற கலர் கட்டிக்கோயேன். யார் கேக்கப் போறாங்க?"

"அத்தினி பேரும் வெள்ளையில இருக்க, நான் மட்டும் மொளகாப் பழமாட்டம் உக்காரவா?"

இவளுக்கும் தெரிந்திருக்கிறது.

7.3.2001, கப்பல்
கோட்டு இரவு. வாசலில் கேப்டன் நின்று எல்லாருக்கும் கை கொடுத்தார். ஒரு போட்டோக்காரர். தட்டருகே முள்கரண்டிகள் வரிசையாக. வெளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டுமாம். பாஞ்சாலை சத்தமில்லாமல் கையால் சாப்பிட்டாள்.

9.3.2001
வெள்ளை இரவு. வேட்டியை யாரும் தடுக்கவில்லை. சுற்றிலும் வெள்ளைக் கவுன்கள், வெள்ளைக் கோட்டுகள், பாட்டு. நடுவில் வெள்ளைப் புடவையில் பாஞ்சாலை. வழக்கத்தைவிடப் பெரிய குங்குமம்.

தட்டைத் தள்ளி வைத்தேன். கேட்டேவிட்டேன். "சிந்து, மறைக்காத. டாக்டர் எனக்கு எத்தினி நாள் சொன்னாரு?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா. அம்மாதாம்ப்பா... அம்மாதான் கப்பல் கேட்டாங்க," என்றவள் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாள். வளவன் பின்னாலேயே ஓடினார்.

பாஞ்சாலை என் தட்டைப் பக்கத்தில் நகர்த்தினாள். "உங்க நெஞ்சு கல்லாட்டம் இருக்குது. சாப்பிடுங்க."

"அப்ப, இந்த வெள்ளை... உனக்குப் பயமா இல்லியா?"

"எனக்கு இதக் கட்ற வேலை வராதுங்க. அதான் ஒரு தரம் கட்டிப் பாத்துக்கலாம்னு."

புரிய நேரமாயிற்று. புரிந்ததும்... ஏன் சொல்லல? ஏன்டி சொல்லல?

"சொன்னா நீங்க கப்பலேறி இருப்பீங்களா? பயந்துடுவீங்கன்னு நான்தான் அவ வாயக் கட்டினேன்."

10.3.2001
எழுத முடியவில்லை.

14.3.2001, திருவண்ணாமலை
நாளை வேலூர். பாஞ்சாலைக்கு வயிற்றில் ஆபரேஷன். இம்முறை துணைக்குப் போகிறவன் நான்.

வெள்ளைப் புடவையை மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டேன். திட்டுத்திட்டாகப் பிடித்திருக்கிறது. "நல்ல புடவையக் கெடுத்துட்டீங்களே," என்று திட்டினாள். ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்ததும் இதைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைய பட்டியலில் மூன்றாவதாக எழுதியது தவறு. டாக்டர் பேசியது என்னைப் பற்றி அல்ல.