தகட்டைத் தொடாத டயோடு

கிழக்குத் தாம்பரம்,
12 ஆகஸ்ட் 1976

மரியாதைக்குரிய சம்பத் சார் அவர்களுக்கு,

ஞானஜோதி எழுதும் வணக்கம். உங்கள் கம்பெனி காப்புரிமை வழக்குப் போட்டதே, அந்த ஆம்ப்ளிஃபயர் பட்டறை தனசிங்கின் மனைவி நான். இங்கே நலம். நாக்பூரில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

நன்றி சொல்ல இத்தனை நாளா என்று நினைத்திருப்பீர்கள். அப்பீல் கெடு முடியும்வரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது, சாட்சியை விலைக்கு வாங்கியதாகச் சொல்லிவிடுவார்கள் என்று எங்கள் வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஹைகோர்ட் வராந்தாவில் நீங்கள் தனியே நின்றபோது நாங்கள் பார்க்காததுபோல் போனதும் அதனால்தான். கெடு போன வாரம் முடிந்தது. அவர்கள் அப்பீல் போடவில்லை.

காப்புரிமை உங்கள் கண்டுபிடிப்புக்கு. டிரான்சிஸ்டர் சூடேறி எரிந்துபோகாமல் காக்கும் டயோடு, சூட்டை இழுக்கும் அலுமினியத் தகட்டைத் தொட்டபடி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எங்கள் செட்டில் அது தகட்டைத் தொடாமல் தள்ளி இருந்தது. எங்கே வைத்தாலும் வேலை ஒன்றுதானே என்று உங்கள் பக்கத்து வக்கீலே கேட்டார். ஆமாம் என்றிருந்தால் பட்டறைக்குப் பூட்டு. நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தள்ளி வைப்பது எனக்கு முன்பே பலர் செய்தது, தகட்டைத் தொட வைத்தது மட்டுமே என்னுடையது, அதற்குமேல் நான் உரிமை கேட்கவும் இல்லை என்றீர்கள். வக்கீல் கேள்வியை மாற்றிக் கேட்டார். நீங்கள் பதிலை மாற்றவில்லை. காப்புரிமைப் பத்திரத்தில் உள்ளதும் அதுதான் என்று நீதிபதி தீர்ப்பு எழுதினார்.

பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் ஜெயக்கொடி தீர்ப்பைக் கேட்டதும், இன்னாம்மா, அந்த சாரு அவுங்க ஆளா, நம்ம ஆளா என்றாள். யார் ஆளும் இல்லை என்றார் இவர். அப்ப அவரு சோத்துக்கு இன்னா பண்ணுவாரு என்று கேட்டாள். இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இங்கே நல்ல மழை. சானடோரியம் பக்கம் ரோடெல்லாம் தண்ணீர். சர்ச் பண்டிகைகளுக்கு ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு கம்பெனி உங்களைக் கிடங்குக் கணக்குக்கு மாற்றிவிட்டதாக ஒருவர் சொன்னார். அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. இவர் ஜன்னலோரம் ஒரு மேஜையைக் காலிசெய்து வைத்திருக்கிறார். அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் ஒன்றைப் பழையதாக வாங்கி அதன்மேல் வைத்திருக்கிறார். இவருக்கு அதை இயக்கத் தெரியாது. பிறகு எதற்கு என்று கேட்டால், தெரிந்தவர் வருவார் என்கிறார்.

மெட்ராஸ் வரும் நாளை மட்டும் எழுதுங்கள், சார். சென்ட்ரலில் இவர் வந்து நிற்பார். கர்த்தர் உங்களையும் வீட்டாரையும் காக்க வேண்டும்.

நன்றியுடன்,
ஞானஜோதி தனசிங்