கடைசி ஒலி அடங்கும் வரை

பிப்ரவரி 4

இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருக்கையில், இனிமேல் கச்சேரியில் கைதட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். இத்தகைய முடிவுகள் மனித வாழ்வில் ஓரிரு முறைதான் வாய்க்கின்றன. மனைவியிடம் தெரிவித்தேன். "சரி, குளியலறைக் குழாய் ஒழுகுது. அதுக்கும் ஒரு முடிவெடுங்க" என்றாள்.

காரணம் நேற்றைய கச்சேரி. நூலகத்தின் கீழ்த்தள மண்டபம், ஏழு கிட்டார்கள். இவர்கள் பாட்டு வாசிப்பவர்கள் அல்லர். ஒருவர் கம்பிமேல் வயலின் வில்லை இழுக்கிறார். ஒருவர் கரண்டியால் தேய்க்கிறார். ஒருவர் தொடுவதே இல்லை, பக்கத்தில் நிற்கிறார், அது அதிர்கிறது. கடைசியில் ஒரே ஒரு சுரம் மெலிந்து மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று காது சந்தேகப்படும் இடத்துக்கு வந்தது. அந்த இடத்தில் என் மைத்துனன் விசிலடித்தான். பந்தாட்டத்தில் அடிக்கிற விசில். உடனே மொத்தக் கூட்டமும் படபடவென்று கைதட்ட, சுரம் செத்தது. மேடையோரம் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கச்சேரிகள்தான் பிறகு சி.டி. வட்டுகளாக வருகின்றன. ஆக, அந்த விசிலுக்கு இனி சாவே கிடையாது.

குழுத் தலைவி பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர். மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "பல வருஷமாச்சு. எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு. இது யாருக்காவது வேணுமான்னு இந்த வருஷம் பாப்போம். வேண்டாம்னா நிறுத்திக்கலாம்."

நிறுத்திக்கலாமாம். இப்படி விசிலடித்தால் யார்தான் நிறுத்தமாட்டார்கள்? இது நின்றுபோனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

பிப்ரவரி 6

மைத்துனன் வந்தான். வருத்தத்தின் சாயல்கூட இல்லை. "சும்மா உக்காந்திருந்தா நமக்குப் பிடிச்சிருக்குன்னு அவங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"பிடிச்சிருக்குன்னு சொல்ல இது என்ன சட்டையாடா?"

"சட்டை தைச்சவர்கிட்டயே நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுவோம்ல?"

அவன் அக்கா சிரித்தாள். அக்கா தம்பி இருவரோடும் பேச்சை நிறுத்திவிட்டேன். குழாயும் ஒழுகட்டும்.

பிப்ரவரி 19

ரசிகர் வட்டம் எங்கள் வீட்டில் கூடியது. வட்டத்தில் ஒருவரான பல் டாக்டர் தம் கச்சேரி அனுபவத்தை எழுதி வந்து வாசித்தார்: "ஈரக் கம்பளத்தின் மேல் வெறுங்காலோடு நடக்கும் வெளிச்சம்." வெளிச்சத்துக்கு ஏது கால் என்று கேட்கவில்லை. நான் கொண்டுவரவிருந்த தீர்மானத்துக்கு அவர் ஆதரவு தேவைப்பட்டது.

தீர்மானம்: அடுத்த கச்சேரியில் யாரும் கைதட்டக் கூடாது. கடைசி ஒலி முற்றிலும் அடங்கிய பிறகே எழ வேண்டும்.

"அடங்கிடுச்சுன்னு யாரு சார் சொல்றது?" என்றார் பல் டாக்டர்.

"காது சொல்லும்."

"என் காதுல எந்நேரமும் ஙொய்னு ஒரு சத்தம் இருக்கே. தொழில்ல வந்தது."

"அதைக் கழிச்சுட்டுக் கேளுங்க."

ஏகமனதாக நிறைவேறியது.

மார்ச் 11

கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண்ணில் குறையொன்றும் இல்லை. தலைவி என் மூக்கின்மேல் சட்டத்தைப் பொருத்திக்கொண்டே, "போன கச்சேரி எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டார். என்னிடம் பக்கம் பக்கமாக இருந்தது. ஆனால் கல்லாவுக்கு முன்னால் நின்று "நல்லா இருந்துச்சுங்க" என்று சொன்னால் எனக்கும் விசிலுக்கும் என்ன வித்தியாசம்? பேசாமல் நின்றேன்.

"பரவாயில்ல சார்" என்றார். எவ்வளவு பண்பு! வேண்டாத கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 2

வட்டு வந்தது. விசில் இருக்கிறது.

ஏப்ரல் 3

அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும்போது வட்டை மெல்லிதாக ஓடவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் ஏ.சி. முனகுகிறது என்று மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். இவர்கள் மத்தியில்தான் நான் பிழைக்கிறேன்.

மே 6

நடந்தேவிட்டது.

ஒவ்வொரு நாற்காலியிலும் 'கைதட்டாதீர்கள்' என்று எழுதிய அட்டையை நானே வைத்தேன். மைத்துனனை அழைக்கவில்லை. கடைசிச் சுரம் கரைந்தது. ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள், திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், கை இறங்கியது. படிக்கத் தெரியாதவளா? அட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஏழு பேரும் எங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வணங்கினார்கள். நாங்கள் இமைக்கவில்லை. தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அவருக்கு உரிய மரியாதை கிடைத்திருக்கிறது. மின்வடங்களைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். எழலாமா என்று பார்த்தேன். பல் டாக்டர் கண்ணை மூடியபடி, இன்னும் அடங்கவில்லை என்று விரலை ஆட்டினார். இருந்தோம். வெகுநேரம் கழித்து யாரோ விளக்கை அணைத்தார்கள். இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

மே 7

மனைவியிடம் சொன்னேன். "அழுதாங்களா? நீங்க யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லலையா?" என்கிறாள்.

சொல்லணுமா? எதைச் சொல்றது? சொல்லிப் புரியவைக்கிற விஷயமா இது? தம்பிக்கு ஏத்த அக்கா. இவளுக்கு எதற்கு நான் விளக்கம் சொல்லணும் — அழுகையில எத்தனையோ உண்டு. அது எந்த அழுகைன்னு எனக்குத் தெரியாதா? முதல் வரிசையில இருந்தவன் நான்.

மே 9

கண்ணாடிக் கடை வழியாகப் போனேன். உள்ளே போகவில்லை.

ஜூன் 20

மே மாதக் கச்சேரியின் வட்டு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். விசில் இல்லை, இருமல் இல்லை, கைதட்டல் இல்லை. கடைசிச் சுரம் இதுவரை இவ்வளவு தூரம் போனதில்லை. அதன் பின் ஒலிபெருக்கியின் முனகல். நாற்காலி நகர்கிறது. வடங்கள் பிடுங்கப்படுகின்றன. காலடிகள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மைக்கிலிருந்து தள்ளி, தலைவியின் குரல்.

"போயிட்டாங்களா?"

"இல்ல. உக்காந்திருக்காங்க."

"எதுக்கு?"

"தெரியல. திட்டப்போறாங்களோ என்னவோ."

"விளக்கை அணைச்சுப் பாரு."

வட்டு அங்கே முடிகிறது. உறையின் பின்பக்கம் இரண்டு வரிகள் அச்சிட்டிருக்கிறார்கள். இது எங்கள் கடைசிப் பதிவு. ஏழு கிட்டார்களும் விற்பனைக்கு உள்ளன.