பக்கத்துக் கட்டிலின் வெள்ளை அணு

ஓசூர்
14.7.1996

அன்பு மகன் அழகர்சாமிக்கு அம்மா ராசாத்தி எழுதுவது. ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், ரசம் சோறு இறங்குகிறது, அதனால் இங்கே எல்லோரும் சுகம் என்று பொய் சொல்லாமலே எழுதலாம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாயா? அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். சானமாவு காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது, சைக்கிள் வேண்டாம் பாக்டரி பஸ்ஸிலேயே போங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்.

உன்னிடம் போனில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருப்பார். அது சாதாரணக் காய்ச்சல் இல்லை சாமி. நீர்க்கடுப்பில் ஆரம்பித்து, கிருமி ரத்தத்துக்குள் போய்விட்டது என்று ஐ.சி.யு.வில் போட்டார்கள். தினமும் ரத்தம் எடுத்து வெள்ளை அணு எவ்வளவு என்று பார்ப்பார்கள், பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டுமாம், எனக்கு இருபத்திரண்டாயிரம். ஏறினால் ஆபத்து, இறங்கினால் நல்லது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் ரஹமத் பீவி, கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிற குடும்பம், சர்க்கரை வியாதியால் காலில் புண், அவளுக்கும் என்னைப் போலவே கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. அவள் மகன் நசீருதீன் சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கிறான், போன் போனதும் பிளேன் ஏறி வந்துவிட்டான். நீ லீவு இல்லை என்றாயாம். தம்மாம் நீ இருக்கிற ஷார்ஜாவை விடப் பக்கமா என்று அப்பாவிடம் கேட்டேன், இல்லை தூரம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பார்வையாளர் நேரம் வந்தால் போதும், அவன் அவள் நெற்றியைத் தடவுவான், அவள் என்னைப் பார்த்து, “எம்புள்ள வந்துட்டான், இனி எனக்கு ஒண்ணும் ஆவாது” என்பாள். எனக்கு வயிறு பற்றி எரியும். “உங்க பையன் எங்கக்கா?” என்று கேட்டாள், “அவன் பெரிய வேலையில இருக்கான், நெனச்சா வர முடியுமா” என்றேன். நீ கிரேன் ஓட்டுவதைச் சொல்லவில்லை. இதில் அவளுக்கு வெள்ளை அணு வேறு மடமடவென்று இறங்கியது, பதினெட்டாயிரம் இருந்தது பன்னிரண்டு ஆயிற்று, மறுநாள் ஆறு. எனக்கு இருபதாயிரத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. பிள்ளை வந்து நின்றால் ரத்தம்கூடச் சொன்னபடி கேட்கும்போல என்று பொருமினேன். நர்ஸ் முத்துமணியைக் கூப்பிட்டு, “அந்தம்மாவுக்குப் போடுற ஊசியையே எனக்கும் போடு, நான் மட்டும் என்ன எளப்பமா” என்று சண்டையே போட்டேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

வேறு என்ன வேலை? அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு மத்தியானம் நசீருதீன் வெளியே போனதும், குத்தலாக, “உங்க பையன் டீ குடிக்கப் போயிட்டானா?” என்றேன். அவள் என்னை விழித்துப் பார்த்து, “எந்தப் பையன்?” என்றாள். ஐயோ சாமி, பையன் பெருமை பேசாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, முத்துமணி முத்துமணி என்று கத்தினேன். அவள் ஓடி வந்து பார்த்தால் ரஹமத் பீவிக்குக் கை ஜில்லென்று கிடக்கிறது, பிரஷர் இறங்கிவிட்டது. மறுபடி ரத்தம் எடுத்ததில் வெள்ளை அணு இரண்டாயிரம்தான். டாக்டர் பிறகு என்னிடம், “கிருமியோட சண்ட போட்டுப் போட்டு அவங்களுக்கு அணுவே தீந்துபோச்சும்மா, ஏறுறதை விட இப்படி எறங்குறதுதான் மோசம்” என்றார். நான் பொறாமைப்பட்ட கணக்கு அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

மருந்தை மாற்றினார்கள், குழாய் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். இப்போது அவளுக்கு ஏறினால் சந்தோஷம், எனக்கு இறங்கினால் சந்தோஷம். நசீருதீன் என் கட்டிலுக்கு வந்து, “நீங்க கத்தலைன்னா எங்கம்மா இல்ல” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதன்பின் கிடைக்கிற நேரத்தில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு, கஞ்சிகூட அவன்தான் ஊட்டினான். வீட்டுக்கு விட்ட அன்று அப்பாவுக்குப் பாக்டரி, அவன்தான் என்னைக் கைத்தாங்கலாக ஆட்டோவுக்கு அழைத்துப் போனான். வாசலில் வாட்ச்மேன், “உங்க பையனாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அவனும் இல்லை என்று சொல்லவில்லை. ரஹமத் பீவிக்குத் தெரிந்தால் வயிறு எரியும். உனக்கும் எரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெயிலில் தண்ணீர் நிறையக் குடி, கிரேன் மேலே இருக்கிறோமே என்று சிறுநீரை அடக்காதே, அதில்தான் எனக்கு வினை வந்தது. நோய் நொடி அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். அந்தப் பையன் அடுத்த மாதம் தம்மாம் திரும்புகிறான், போகும்முன் இங்கே வந்து சாப்பிட்டுப் போகிறேன் என்றிருக்கிறான். இலை போடுவேன். அதற்குள் நீ வந்தால் உனக்குத்தான் முதல் இலை.

இப்படிக்கு,
இன்னமும் உனக்கு மட்டுமே அம்மாவான
ராசாத்தி