முதல் மெஷின் மீது ஒரு புகார்

மார்ச் 3, திங்கள்

எட்டு கிலோமீட்டர், மெதுவாக. அட்டவணையில் 'மெதுவாக' என்றுதான் போட்டிருக்கிறது. நான் ஓடிய லட்சணத்துக்கு அந்தச் சொல்லே அதிகம். கடைசி இரண்டு கிலோமீட்டர் நடைதான். நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். நாய் திரும்பிப் பார்த்தது. அவர் பார்க்கவில்லை, நல்ல மனிதர்.

மாரத்தானுக்கு இன்னும் இருபத்தேழு நாள். போன வருடம் முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் வரும் வேன் என்னை அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. அன்றிலிருந்து எங்கள் ஓட்டக் குழுவில் நான் 'வேன் அக்கா'. செல்லமாகத்தான் கூப்பிடுகிறார்கள். செல்லமாகக் கூப்பிட்டால் வலிக்காது என்று யார் சொன்னது? இந்த வருடம் நாற்பத்திரண்டையும் என் காலாலேயே முடித்து அந்தப் பெயரைத் தொலைத்துக் கட்ட வேண்டும். மெடல்கூட வேண்டாம்.

வேண்டும். யாரிடம் பொய் சொல்கிறேன்?

மார்ச் 4, செவ்வாய்

மைதானத்தில் நானூறு மீட்டர், எட்டு முறை. ஐந்தாவது சுற்றில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பயிற்சியாளர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எப்போதும் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்குவதால் அவருக்கு ஸ்டாப்வாட்ச் சார் என்றே பெயர். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போன மாசத்தைவிட பதினெட்டு செகண்ட் அதிகம்மா."

"தூக்கம் சரியில்ல சார்."

"தூக்கமெல்லாம் இல்ல, மனசு. போன வருஷ பயம் இன்னும் போகல உங்களுக்கு."

பயமா எனக்கு? கால் இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி கனக்கிறது, இவர் மனசு என்கிறார். ஆனால் அப்படியும் இருக்குமோ?

வீட்டில் சொன்னேன். "ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாரேன்" என்றார் கணவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்த வங்கியில் பத்தொன்பது வருடமாக டெக்னீஷியன், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் விரலைக் குத்திக்கொண்டிருப்பவள், என்னிடம் வந்து ரத்த டெஸ்டாம். அவர் பூட்டுச் சாவிக் கடை வைத்திருக்கிறார். "உங்க பூட்டைப் பத்தி நான் என்னைக்காவது வாயைத் திறந்திருக்கேனா?" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மார்ச் 5, புதன்

ஓட்டம் ஐந்து கிலோமீட்டர். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வேலையில் வேறு எரிச்சல். ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு முதலில் விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கும் மெஷின் இரண்டு இருக்கின்றன. பன்னிரண்டரைக்குக் கீழே காட்டினால் ஆளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். தினமும் காலையில், அளவு தெரிந்த ஒரு திரவத்தை வைத்து மெஷினைச் சரிபார்க்க வேண்டும். அந்தத் திரவம் தீர்ந்து நான்கு நாளாயிற்று. ஸ்டோரில் கேட்டால் 'வந்துகிட்டே இருக்கு' என்கிறார்கள். எங்கிருந்து நடந்து வருகிறதோ.

இந்த மாதிரி நேரத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். விதிப் புத்தகத்தில் இல்லாத வழக்கம். எங்கள் விரலையே வைத்துப் பார்த்துவிடுவோம். என் அளவு எனக்கு மனப்பாடம். பதிமூன்று.

முதல் மெஷினில் என் விரல். 8.6.

இன்னொரு விரல். 8.7.

எட்டாம்! எட்டு இருப்பவளா மாரத்தானுக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள்? இத்தனை நாள் இந்தச் சனியன் எத்தனை பேரை அநியாயமாகத் திருப்பி அனுப்பியதோ. 'பழுது' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் தூக்கி வைத்தேன். புகாரும் எழுதினேன்: 'உண்மையான அளவைவிட நான்கு புள்ளி குறைவாகக் காட்டுகிறது.' இரண்டு விரலும் வலித்ததால் இரண்டாவது மெஷினுக்கு எங்கள் நர்ஸ் சிஸ்டரின் விரலைக் கேட்டேன். 13.2. அது ஒழுங்காக இருக்கிறது. உலகத்தில் ஏதோ ஒன்றாவது ஒழுங்காக இருக்கிறதே.

மார்ச் 6, வியாழன்

பன்னிரண்டு ஓட வேண்டியது, ஏழில் திரும்பிவிட்டேன்.

இன்று ரத்தம் கொடுக்க ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஆள் கதவு மாதிரி இருந்தார். இரண்டாவது மெஷினில் 11.8. முடியாது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மெஷின்ல ஏதோ கோளாறு மேடம். எனக்கு ஒண்ணுமில்ல."

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"அது யாருக்குத்தான் வாங்கல?"

"சார், மெஷினுக்கு உங்க மேல என்ன கோபம்? அது இருக்கறதைத்தான் காட்டும். ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டுட்டு வாங்க."

எழுந்தவர், வாசலில் நின்று கேட்டார்: "உங்களுக்கு எவ்வளவு மேடம்?"

"பதிமூணு" என்றேன், கொஞ்சம் கெத்தாகவே.

மார்ச் 7, வெள்ளி

ஓடவில்லை. அலாரத்தை நான்தான் அணைத்தேன். கணவர் மீது பழி போட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை.

மார்ச் 8, சனி

பீரியட்ஸ் ஒன்பதாவது நாள், இன்னும் நிற்கவில்லை. மூன்று மாதமாக மாதாமாதம் இதே கூத்து. "நாப்பத்தாறு வயசாச்சுல்ல, அப்படித்தான்டீ இருக்கும். எனக்கும் இருந்துச்சு" என்கிறாள் அக்கா. நாளைக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். இன்றைக்கா இது?

பழைய ஷூதான் காரணம் என்று தோன்றியது. புது ஷூ வாங்கிவிட்டேன். கடையிலிருந்து வீட்டு மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றேன். ஷூ பெட்டி அவ்வளவு கனமா?

மார்ச் 9, ஞாயிறு

பத்தொன்பதில் முடிந்தது.

முடிந்தது என்றால் — நின்றுவிட்டேன். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். காதுக்குள் இதயம் அடிக்கிறது, கை சில்லிட்டுப் போயிருக்கிறது. குழுவில் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஒருத்தரும் 'வேன் அக்கா' என்று கூப்பிடவில்லை. அதுதான் தாங்கவில்லை. கூப்பிட்டிருந்தால் திட்டிவிட்டாவது எழுந்திருப்பேன்.

ஸ்டாப்வாட்ச் சார் ஸ்கூட்டரில் வந்து பக்கத்தில் நிறுத்தினார். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "ஏறுங்கம்மா" என்றார், அவ்வளவுதான். போன வருடம் வேன், இந்த வருடம் ஸ்கூட்டர். பதவி இறக்கம்.

வீட்டுக்கு வந்து புது ஷூவைக் கழற்றி எறிந்தேன். கணவர் எடுத்து ஓரமாக வைத்தார். எதுக்கு வைக்கறீங்க? யாரு போட்டுக்கப் போறா? என்னால முடியல. எல்லாரும் ஓடறாங்க, என்னால மட்டும் ஏன் முடியல? சோம்பேறியா நான்? இத்தனை விடிகாலை எழுந்து என்ன பிரயோஜனம்? அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதற்கும் கத்தினேன்.

மார்ச் 10, திங்கள்

இதை அப்படியே எழுதிவிட வேண்டும். பிறகு மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

பதினொரு மணிக்கு மெஷினைப் பார்க்க சர்வீஸ் பெண் வந்தாள். புதுத் திரவமும் கையோடு கொண்டுவந்திருந்தாள். 'பழுது' சீட்டைப் பிரித்துவிட்டு மூன்று முறை வைத்துப் பார்த்தாள். மூன்றும் அச்சு அசலாகச் சரி. தன் விரலைக் குத்திப் பார்த்தாள், 12.9. சிஸ்டரின் விரலைக் குத்தினாள், 13.1.

"மெஷின் நல்லாத்தானே இருக்கு. அன்னைக்கு யாரு விரலை வெச்சுப் பாத்தீங்க?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் போய் இரண்டாவது மெஷினில் என் விரலை வைத்தேன். அது எண்ணைக் காட்ட முப்பது செகண்ட் ஆகும். என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமான முப்பது செகண்டை ஓடியும் பார்த்ததில்லை.

8.3.

"மேடம், நீங்க உக்காருங்க முதல்ல" என்றாள் சர்வீஸ் பெண். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் மயங்கினால் சாய்க்கும் நாற்காலியில் என்னைச் சாய்த்தார்கள்.

'இயந்திரத்தில் குறை எதுவுமில்லை' என்று அறிக்கையில் எழுதியிருந்தாள். புகார் கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். சாய்ந்தபடியே போட்டேன்.

பத்தொன்பது வருடத்தில் ஒருத்தருக்காவது சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருக்கிறேனா? 'மெஷின் தப்பு' என்று சொன்ன அத்தனை பேரையும் மாத்திரை சாப்பிடச் சொல்லி அனுப்பினேன். என் முறை வந்ததும் மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. உதிரப்போக்குக்கு ஸ்கேன், இரும்புச் சத்து ஊசி, பிறகு மாத்திரை. மாரத்தான் கிடையாது. "இந்த அளவோட பத்தொன்பது கிலோமீட்டர் ஓடினீங்களா? மனசு பலமில்லன்னு யாரு சொன்னது?" என்றார். அதை ஸ்டாப்வாட்ச் சாரிடம் அப்படியே போனில் சொன்னேன். "தப்பு என்னோடதும்மா" என்றார்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இருக்கிறது. ஓட முடியாததற்குக் காரணம் கிடைத்தால் ஓடியதாகிவிடுமா?

கணவர் 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று மாரத்தான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

நேற்று கணவரோடு மூன்று கிலோமீட்டர் நடை. கடைசி நூறு மீட்டர் என்னை அறியாமல் ஓடியிருக்கிறேன். பின்னால் நின்று திட்டினார்.

புதுத் திரவம் இப்போது ஸ்டோர் நிறைய இருக்கிறது. இருந்தாலும் காலையில் திரவத்தை வைத்த பிறகு முதல் மெஷினில் என் விரலையும் ஒரு தடவை வைத்துவிடுகிறேன்.

பத்து மணிக்கு அந்த பஸ் டிரைவர் வந்தார். மாத்திரை அட்டையைச் சாட்சிக்கு எடுத்துவந்திருந்தார். குத்தினேன். 12.8. குழந்தை மாதிரி சிரித்தார். படுக்கையில் ஏறிப் படுத்துக் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"உங்களை நெருங்கிட்டேன் பாத்தீங்களா? உங்களுக்குப் பதிமூணுதானே மேடம்?"

"பத்து புள்ளி ஆறு" என்றேன்.

தலையைத் தூக்கி அந்தச் சின்ன மெஷினைப் பார்த்தார். "அதுல ஏதாவது கோளாறா இருக்கப் போகுது."

"இல்லைங்க. அது நல்லா இருக்கு."