ரிவர்ஸ் கியரில் ஐந்து கோட்பாடுகள்

மார்ச் 3

அக்கா லைசென்ஸ் டெஸ்டில் மறுபடியும் ஃபெயில். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், சொந்த அக்காவைத் தேற்றத் துப்பில்லை. முன்னால் போகச் சொன்னால் அம்சமாகப் போகிறாள். ரிவர்ஸ் என்றால் மட்டும் பயம், வண்டி நின்றுவிடுகிறது. அவளுக்கு வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்யும் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

நான் தபாலில் உளவியல் படிப்பது பின்னே எதற்கு? பாடத்தில் ஐந்து கோட்பாடுகள் இருக்கின்றன. ஒன்றாவது உதவாமலா போகும்!

மார்ச் 6

நடத்தைவாதம். பரிசு கொடுத்தால் பழக்கம் படியுமாம். ஒழுங்காக ரிவர்ஸ் எடுத்தால் சாக்லேட் என்றேன். எடுக்கவில்லை. நானே தின்றேன்.

மார்ச் 9

உளப்பகுப்பாய்வு. பயத்தின் வேர் பால்யத்தில் இருக்குமாம்.

“சின்ன வயசுல உன்னை ரொம்பப் பயமுறுத்தினது எதுக்கா?”

“நீ பொறந்தது.”

அந்தப் பாடம் அதோடு முடிந்தது.

மார்ச் 12

உயிரியல் கோட்பாடு. எல்லாம் நரம்பும் சுரப்பியும்தான் என்கிறது. படபடப்பு குறையட்டும், காபியை நிறுத்து என்றேன். “முதல்ல உன் பேச்சை நிறுத்து” என்றாள்.

மார்ச் 15

மனிதநேயக் கோட்பாடு. குறுக்கே பேசாமல், குறை சொல்லாமல் கேட்க வேண்டும். காரை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டேன். அழுதுவிட்டாள்.

“எனக்கு வராதுடா. அந்த வேலைக்கு வரலன்னு சொல்லிடறேன்.”

அய்யோ, எத்தனை பேரை எழுந்து நடக்க வச்ச கை! ஒரு கியருக்கா பயப்படணும்?

மார்ச் 18

மிச்சமிருந்தது அறிதல் கோட்பாடு. பயம் வருவதற்கு முன் மனதில் என்ன ஓடுகிறது? ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே சொல்லச் சொன்னேன்.

“சரியாத்தான் போறேன்னு தோணுது... டக்குனு வண்டி நிக்குது... ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல... டெஸ்டுல நீ இல்லாதப்பவும் அதே நெனப்புடா, கால் தானா பிரேக்குக்குப் போயிடுது.”

வண்டி ஏன் டக்கென்று நிற்கிறது? குனிந்து பார்த்தேன். பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் என் கால்!

முதல் நாள் பின்னால் இருந்த சுவரில் மோதப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்த பிரேக், எனக்கே தெரியாமல் பழகிவிட்டிருக்கிறது. வேறு யாருக்கும் நான் இப்படி மிதிப்பதில்லை. அக்கா என்றால் மட்டும்... நடத்தைவாதம் பலித்திருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டது.

சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இறங்குடா கீழ!”

இறங்கினேன். தனியாக ரிவர்ஸ் எடுத்தாள். தடுமாறினாள், ஆனால் எடுத்தாள்.

மார்ச் 27

பாஸ்!!

ஏப்ரல் 1

அக்காவுக்கு வேலையில் முதல் நாள். வேலைக்கென்று கொடுத்த குட்டிக் காரை வாசலிலிருந்து பின்னால் எடுத்தாள். நடைபாதையில் நின்றிருந்த என் வலது கால் தரையை மிதிக்கப் பார்த்தது. பேசாமல் அதைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன்.

தெருவுக்கு வந்ததும் கண்ணாடியை இறக்கி ஒரு சாக்லேட்டை வீசினாள்.

“கால எடுத்துட்டல்ல? இந்தா.”