நடுவில் வரும் பந்து

நேற்று மத்தியானம் அலமாரிக்குள் 'டங்' என்று ஒரு சத்தம். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். என்னவென்று எனக்குத் தெரியும். மழைக்காலத்து ஈரம் தாங்காமல் உங்கள் டென்னிஸ் ராக்கெட்டின் நரம்பு தானாக அறுந்துபோகும். வருஷா வருஷம் அந்தச் சத்தம் கேட்டதும், "மழ வந்துடுச்சுலா, துணிய எடு" என்பீர்கள். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் மழைக்காலம். ஜன்னல் வழியே பார்த்தால், கொடியில் துணி நனைந்துகொண்டிருந்தது. முன் அறையிலிருந்து உங்கள் அப்பா, "அறுந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டுத் துணியை எடுக்கப் போனேன்.

பிறகு ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது கோணாமல் இறுக்கி வைத்திருக்கும் மரச்சட்டத்தின் திருகுகளைக் கழற்றினால் கற்பூர வாசனை. கைப்பிடித் தோலை முகர்ந்தால் நீங்கள். உடனே உங்களோடு பேச வேண்டும் போல இருந்தது, அதனால்தான் இந்தக் காகிதம். மேலே என்ன போட்டுத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரே வீட்டில் இருந்தவருக்கு நான் எதற்குக் கடிதம் எழுதியிருக்கப் போகிறேன்? உங்கள் பெயரைச் சொல்லியும் எனக்குப் பழக்கமில்லை. 'என்னங்க' என்றே காலம் ஓடிவிட்டது. எனவே மேல் வரியைக் காலியாக விட்டுவிட்டேன்.

கெலுகோரில் உங்கள் வீட்டுக்கு நான் வந்த மறுநாள் என் பெட்டியைத் திறந்தபோது, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு ராக்கெட் எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறதா? அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டும் நான் திணித்துக் கொண்டுவந்தது.

"இது யாரோடது?"

"என்னோடதுதாங்க."

"ஆடத் தெரியுமா?"

"கான்வென்ட்டுல மதர் சொல்லிக் குடுத்தாங்க."

அந்த வாரம் முழுக்க உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. துறைமுக ஆபீசில் உங்களோடு கணக்கெழுதும் கிராணிகள் எல்லோரிடமும், "பொண்ணு பாக்கப் போன எடத்துல பார்ட்னர் கெடச்சிருச்சுலா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்களாம். தாலி கட்டியதைவிட அதுதான் உங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

சங்கத்துக் கோர்ட்டில் நீங்களும் நானும் சேர்ந்து ஆடத் தொடங்கியபோதுதான் வம்பு வந்தது. இரண்டு பேர் ஒரு பக்கம் நின்று ஆடும்போது நடுவில் வரும் பந்தை யார் அடிப்பது என்று ஒருவர் கத்த வேண்டும். உங்களுக்கு அது சுலபம். 'எனக்கு' அல்லது 'உனக்கு', அவ்வளவுதான். 'எனக்கு' என்று நானும் கத்துவேன். ஆனால் பந்தை உங்களுக்கு விட வேண்டுமானால்? 'உங்களுக்கு' என்று சொல்லி முடிப்பதற்குள் அது இரண்டு தரம் குதித்து வேலிக்குப் போய்விடும். 'உங்க' என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "எங்க என்ன?" என்று திரும்பிக் கேட்டீர்கள். 'யுவர்ஸ்' என்று பழகினோம். அவசரத்தில் நாக்கு தமிழுக்குத்தான் ஓடியது.

"உனக்குன்னே சொல்லேன். நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?" என்றீர்கள்.

"புருஷன நீன்னு சொல்ற நாக்க எங்க வீட்டுல வளக்கல" என்றேன்.

நல்ல வாயாடிதான் நான். ஆனால் பந்து போய்க்கொண்டே இருந்தது.

அந்த வருஷம்தான் பாடாங் திடலில் அந்தப் பெரிய பந்தயம் வந்தது. ஜப்பானிலிருந்து, ஜாவாவிலிருந்து, சயாமிலிருந்து எல்லாம் ஆட வருகிறார்கள் என்று ஊரே பேசியது. இந்தியாவிலிருந்தும் வந்தார்கள். லண்டன் பந்தயத்தில் நம்மவர்கள் எத்தனையாவது சுற்றில் இருக்கிறார்கள் என்று காலைக் கோப்பியோடு பேப்பரை வாசித்துக் காட்டுவீர்களே, அந்தப் பெயர்களில் ஒருவர் மெட்ராஸிலிருந்து தங்கையையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி வருகிறார் என்றதும் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கலப்பு இரட்டையருக்கு நம் பெயரையும் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். மாமாவைக் கேட்காமல் முடியாது என்றேன்.

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு பூசைக்குக் கிளம்பியபடியே கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "ஆடுறது தப்புன்னு நான் சொல்லலம்மா. ஆனா கோவில் வாசல்ல நாலு பேரு நம்ம வீட்டப் பத்திப் பேசுற மாதிரி ஒன்னு நடந்துச்சுன்னா, அன்னைக்கே ராக்கெட்ட மாட்டி வெச்சிடணும். சரியா?"

சரி என்றேன். எனக்குப் பயமே இல்லை. வெள்ளைக்காரர்களோடும் சீனர்களோடும் ஆடப் போகிறோம், நான் என்ன கத்தினாலும் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைத்தேன். சீட்டுக் குலுக்கினார்கள். முதல் ஆட்டமே மெட்ராஸ் அண்ணன் தங்கையோடு என்று வந்து விழுந்தது.

அவர்களைப் பார்க்க ஊரிலிருந்த தமிழர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். சூலியா ஸ்திரீட் கடைக்காரர்கள், துறைமுகத்து ஆட்கள், கோவில் பாட்டுக்குழு முழுக்க. அங்சானா மரத்தடியில், அதுவரை ஒரு நாளும் ஆட்டம் பார்க்க வராத மாமா, கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலையை ஊசி குத்தி இழுத்துச் செருகி, காலில் புதிதாக வெள்ளை பூசிய சப்பாத்தோடு நான் உள்ளே போனேன். இனி ஒரு நாளும் உங்கள் பக்கத்தில் நின்று ஆட முடியாமல் போய்விடுமோ என்பதுதான் என் பயம். தோற்பதைப் பற்றி நினைக்கவே இல்லை.

முதல் செட்டில் லண்டனில் ஆடிய அந்த அண்ணன் புரிந்துகொண்டார். எங்கே அடித்தால் நாம் விழிப்போம் என்று பார்த்து, நடுவிலேயே அடித்தார். நான் வாயைத் திறந்து திறந்து மூடினேன். செட் போய்விட்டது. இரண்டாவதிலும் பின்தங்கித்தான் இருந்தோம். அப்போது உயரமாக ஒரு பந்து, கடற்காற்றில் ஆடிக்கொண்டு, நம் இருவருக்கும் சரியாக நடுவில் இறங்கியது.

"உனக்கு!"

யார் கத்தியது என்று நானே ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பாய்ந்து அடித்த அடியில் பந்து அவர்கள் இருவருக்கும் எட்டாமல் போனது. ஒருவரும் கைதட்டவில்லை. மரத்தடியிலிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "என்னலா இது, புருஷன 'நீ'ங்குது?" உடனே பாடாங் முழுக்கச் சிரிப்பு. வலைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூமி பிளக்காதா என்று நின்றேன்.

நீங்கள் பந்தைப் பொறுக்குகிற சாக்கில் கிட்டே வந்தீர்கள். "இன்னொரு தடவ சொல்லு."

"மாட்டேன்."

"பந்து வந்தா?"

"வரட்டும், பாப்போம்."

வந்தது. சொன்னேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் சொன்னேன். போகப் போக யாரும் சிரிக்கவில்லை. அந்தச் செட்டை நாம் எடுத்தோம். லண்டனில் ஆடிய மனுஷனிடமிருந்து ஒரு செட். உங்கள் காது வரை சிவந்திருந்தது வெயிலாலா வெற்றியாலா என்று எனக்கு இன்னும் தெரியாது.

கடைசிச் செட்டின் கடைசிப் பந்தும் நடுவில்தான் வந்தது. அதைப் பார்த்தபோது அதற்குப் பின்னால் மாமாவின் முகமும் கண்ணில் பட்டுவிட்டது. 'உங்களு' வரைக்கும்தான் சொன்னேன். அதற்குள் பந்து குதித்துப் போய்விட்டது.

வலையருகே கை கொடுக்க வந்த மெட்ராஸ் பெண் என் காதோடு சொன்னாள். "அக்கா, நான் எங்க அண்ணாவ கோர்ட்ல 'டேய்'னுதான் கூப்பிடுவேன். எங்கம்மாக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவா." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வீட்டுக்கு வந்ததும் நான் மாமாவிடம் ஒப்புக்கொண்டபடி ராக்கெட்டைச் சட்டத்தில் வைத்துத் திருகினேன். மாமா கோட்டைக் கழற்றி மாட்டினார், கோப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கடைசில ஒரு பந்து நடுவுல வந்துச்சே. ஏம்மா ஒழுங்கா கூப்பிடல?"

"நீங்க இருந்தீங்க மாமா."

"நான் இருந்தா என்ன? உனக்குன்னு சொல்லியிருந்தா அவன் அடிச்சிருப்பான்ல."

நீங்கள் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தது முன் அறை வரைக்கும் கேட்டது.

அதன்பின் எத்தனையோ வருஷம் ஆடினோம். கோர்ட்டுக்குள் 'உனக்கு', கோட்டைத் தாண்டினால் 'என்னங்க'. வீட்டிலும் ஒரு தடவை சொல் என்று நீங்கள் நச்சரித்தபோது, "வீட்டுல கோடு போட்டா சொல்றேன்" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் பார்த்தால் அடுப்படித் தரையில் சப்பாத்து வெள்ளையால் ஒரு கோடு, அதற்கு அந்தப் பக்கம் நீங்கள், கையை நீட்டிக்கொண்டு. கோப்பியைக் கொடுத்தேன், சொல்லவில்லை. ஈரத்துணி எடுத்துக் கோட்டைத் துடைத்தேன். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் கேட்டீர்கள். "எழுந்து வாங்க, கோர்ட்டுல சொல்றேன்" என்றேன். நீங்கள் எழுந்துவிடுவீர்கள் என்று நிஜமாகவே நம்பினேன்.

இப்போது மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. லண்டன் செய்தியை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். "நம்ம பசங்க நிக்கிறானுங்களா?" என்று அவர் கேட்பது அப்படியே உங்கள் குரல். கூரை ஒழுகினாலும், வாடகை கேட்டு வீட்டுக்காரன் வந்து நின்றாலும், மாமாவுக்கு மருந்து வாங்குவதானாலும், எல்லாம் நடுவில் வரும் பந்துதான். ஒரு நொடி நின்று பக்கத்தில் பார்க்கிறேன், பிறகு 'எனக்கு' என்று நானே ஓடிப்போய் அடிக்கிறேன். பரவாயில்லை, பாதிக்கு மேல் அந்தப் பக்கம் விழுகிறது.

நாளைக்கு மழை விட்டால் நரம்பு மாற்ற ராக்கெட்டை டவுனுக்கு எடுத்துப் போகிறேன். மாமாதான் சொன்னார், சும்மா தொங்கவிடக் கூடாதாம்.

எழுதி முடித்துவிட்டேன். மேல் வரி இன்னும் காலியாகவே இருக்கிறது. யார் கையிலாவது கிடைத்தால் யாருக்கு எழுதியது என்று கேட்பார்கள். மாமா தூங்குகிறார், பக்கத்தில் யாரும் இல்லை, தரையில் கோடும் இல்லை. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

உனக்கு.